சிம்ப்சன்ஸ் இன்னும் ஓடணுமா, மூட்டை கட்டணுமா?

மஞ்சள்குடும்பம்
2025 ஏப்ரல்ல ஃபாக்ஸ் டிவி ஒரேயடியா நாலு சீசன் நீட்டிப்பு கொடுத்தாச்சு. ஆக அமெரிக்கக் கார்ட்டூன் தொடர் 'த சிம்ப்சன்ஸ்' 40ஆவது சீசன் வரைக்கும், 2028-29 வரைக்கும் ஓடும். 1989 டிசம்பர்ல ஆரம்பிச்ச தொடர். "எட்டாவது சீசனோட செத்துப் போச்சு"ங்கிற பல்லவியும் கிட்டத்தட்ட அதே அளவுக்குப் பழசு. எனக்குத் தெரிய வேண்டியது ரெண்டு விஷயம். சரிவு நிஜம்னா எந்த இடத்துல, ஏன்? இப்போ தேறிடுச்சுன்னு சொல்றாங்களே, அது உண்மையா? பிடிச்சது பிடிக்காததுன்னு பொத்தாம்பொதுவா வேண்டாம், எபிசோட் பேரோட சொல்லுங்க.

டோனட்_தாத்தா
வழக்கமா எல்லாரும் கை காட்டுறது 1997 செப்டம்பர்ல வந்த 'த பிரின்சிபல் அண்ட் த பாப்பர்'. பள்ளிக்கூட முதல்வர் ஸ்கின்னர் உண்மையான ஸ்கின்னரே இல்லை, ஆள்மாறாட்டம்னு ஒரு கதை. கடைசியில நீதிபதி "இதைப் பற்றி இனி யாரும் வாய் திறக்கக் கூடாது"ன்னு உத்தரவு போட்டு மூடிடுவார். அது ஒரு தனி எபிசோட், அதனால தொடர் கெட்டுப் போகலை.

கெட்டுப் போனது சிம்ப்சன் குடும்பத்து அப்பா ஹோமர். முதல் எட்டு சீசன்ல அவன் முட்டாள், சோம்பேறி. ஆனா தப்பு செஞ்சா அதோட வலி அவன் மேலயே விழும், குடும்பத்து மேல பாசம் உண்டு. 1997 மே மாசம் வந்த 'ஹோமர்ஸ் எனமி'யில ஃபிராங்க் கிரைம்ஸ்னு ஒரு சாதாரண உழைப்பாளியை ஹோமர் பக்கத்துல நிறுத்திப் பார்த்தாங்க. கிரைம்ஸுக்குப் பைத்தியம் பிடிச்சு செத்தே போறான். ஒரே ஒரு தடவைக்கான சோதனை அது. மைக் ஸ்கல்லி பொறுப்பிலிருந்த 9 முதல் 12 வரையிலான சீசன்கள்ல அதுவே வாடிக்கையாயிடுச்சு: ஹோமர் யாரையாவது நாசம் பண்ணுவான், அவனுக்கு ஒண்ணும் ஆகாது.

2000 பிப்ரவரியைப் பாருங்க. 'சாடில்சோர் கலாக்டிகா'வுல குதிரைப் பந்தய ஜாக்கிகள் எல்லாம் பாதாளத்துல வாழுற குள்ள மனிதர்கள். சிம்ப்சன் வீட்டுல ஏற்கெனவே ஒரு குதிரை இருந்துச்சேன்னு காமிக் புக் கடைக்காரரே கதைக்குள்ள வந்து ஞாபகப்படுத்துவார். தப்புன்னு தெரிஞ்சே செய்யுறாங்க! அடுத்த வாரமே டி-ஷர்ட் பீரங்கி அடிச்சு பக்கத்து வீட்டு நெட் ஃபிளாண்டர்ஸோட மனைவி மாட் சாவு. அதுக்கும் காரணம் ஹோமர்தான்.

ஸ்டோரிபோர்டு
தாத்தா சொன்னதோட கதை எழுதுற குழுவையும் சேர்த்துப் பார்க்கணும். 'மார்ஜ் வெர்சஸ் த மோனோரயில்' எழுதின கோனன் ஓ'பிரையன் 1993ல டாக் ஷோவுக்குப் போயிட்டார். கிரெக் டேனியல்ஸ் 'கிங் ஆஃப் த ஹில்'லுக்கு. டேவிட் எக்ஸ். கோஹன் 'ஃபியூச்சராமா'வுக்கு. 59 எபிசோட் எழுதின ஜான் ஸ்வார்ட்ஸ்வெல்டரும் 2003க்கு அப்புறம் இல்லை. இடையில 1998ல குரல் கலைஞர் ஃபில் ஹார்ட்மன் இறந்ததால, அவர் பேசின டிராய் மெக்லூரும் வக்கீல் லயனல் ஹட்ஸும் ஓய்வு பெற்றாச்சு. பதிலுக்கு ஆளே போடலை, அது சரியான முடிவு.

யாரும் பேசாத இன்னொண்ணு, நேரம். ஆரம்ப கால எபிசோட் 23 நிமிஷத்தை ஒட்டி இருக்கும். பிற்பாடு விளம்பரம் கூடி 21ஐ ஒட்டி வந்துடுச்சு. வெட்டும்போது முதல்ல போறது மௌனம்தான். 1993ல 'கேப் ஃபியர்'ல வில்லன் சைட்ஷோ பாப் ஒன்பது தடவை குப்பை வாரியை மிதிச்சு மூஞ்சில அடி வாங்குவான். எபிசோட் நீளம் பத்தலைன்னு இழுத்த காட்சி அது! முதல் மூணு அடிக்குச் சிரிப்பு, அப்புறம் எரிச்சல், ஆறாவதுல மறுபடியும் அடக்க முடியாத சிரிப்பு. 21 நிமிஷத்துக்குள்ள இதுக்கு இடமே கிடைக்காது, அந்த இடத்துல நாலு வசன ஜோக் ஏறியிருக்கும்.

2002ல 'செல்'ங்கிற கண்ணாடித்தாள்ல கையால வண்ணம் தீட்டுறது போய் டிஜிட்டல் வண்ணம் வந்தது, 2009 பிப்ரவரியில ஹெச்.டி. கோடு சுத்தமாச்சு, முகம் விறைப்பாச்சு. நல்ல வசனம்கூட சில நேரம் தட்டையா விழுறதுக்கு இது பாதிக் காரணம்.

லிசா_கட்சி
நீங்க ரெண்டு பேரும் 2010ஓடவே நின்னுட்டீங்க. 13ஆவது சீசன்லேர்ந்து அல் ஜீன் இருபது வருஷம் நடத்தினது மந்தமான காலம், ஒத்துக்கறேன். ஆனா 2021ல ஆரம்பிச்ச 33ஆவது சீசன்லேர்ந்து பெரும்பாலான எபிசோட் மேட் செல்மன் கையில. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

'பிக்சலேட்டட் அண்ட் அஃப்ரெய்ட்' (2022): ஹோமரும் அவன் மனைவி மார்ஜும் பனிக்காட்டுல துணியில்லாம மாட்டிக்கிறாங்க. ஊர்க்காரங்க யாரும் கிடையாது, துணைக்கதை கிடையாது. ஸ்டோரிபோர்டு தேடுற மௌனம் அங்கேதான் இருக்கு. 'எ சீரியஸ் ஃபிளாண்டர்ஸ்' ரெண்டு பாகமா மூச்சு விட்டுச் சொன்ன குற்றக்கதை. 2024 செப்டம்பர்ல வந்த 'பார்ட்ஸ் பர்த்டே', ஏ.ஐ. எழுதின கடைசி எபிசோட்னு பாவலா காட்டி, "நிறுத்துங்கப்பா"ன்னு கத்துறவங்களையே கிண்டல் பண்ணும்.

இன்னமும் தடுக்குறது காலக்கணக்கு. 1991ல சொன்ன கதைப்படி ஹோமரும் மார்ஜும் 1974ல பள்ளிக்கூடத்துல சந்திச்சாங்க. 2008ல 'தட் நைன்டீஸ் ஷோ' அவங்க காதலையே 90களுக்குத் தள்ளுச்சு. யாருக்கும் வயசாகாத தொடர்ல இது தவிர்க்க முடியாததுதான். ஒவ்வொரு எபிசோடையும் தனிக்கதையா எடுத்துக்கிட்டா உறுத்தாது.

டோனட்_தாத்தா
தங்கச்சி, அந்தப் பனிக்காடு எபிசோடை நானும் மறுக்கலை. ஆனா சீசனுக்கு நாலு நல்லதுக்காக மீதியையும் சுமக்கணுமா? குரல்களைக் கேளுங்க. மார்ஜுக்குக் குரல் கொடுக்கிற ஜூலி கேவ்னர் 1950ல பிறந்தவங்க, இப்போ அந்தக் கரகரப்பு நடிப்பு இல்லை, வயசு. ஹாரி ஷியரர் 1943. மில்ஹவுஸ் குரல் பமேலா ஹெய்டன் 2024ல ஓய்வு வாங்கிட்டாங்க. ஹோமர், மார்ஜ் குரலை வேற ஆளை வெச்சு ஓட்டுறதுக்கு முன்னாடி நிறுத்துறதுதான் மரியாதை.

ஸ்டோரிபோர்டு
நிறுத்துறது நம்ம கையில இல்லை அண்ணே. 2019லேர்ந்து சொந்தக்காரர் டிஸ்னி, 2027ல ரெண்டாவது சினிமா வேற அறிவிச்சாச்சு. முடிவு வேணும்னா 2011 டிசம்பர்ல வந்த 'ஹாலிடேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' பாருங்க. குரல் கலைஞர்களோட சம்பளப் பேச்சு இழுபறியில இருந்தப்போ, ஒருவேளை இதுவே கடைசியாகலாம்னு எழுதினது. அதோட நிறுத்திட்டு, செல்மன் காலத்தை உபரியா வெச்சுக்கலாம்.

மஞ்சள்குடும்பம், பழசையும் புதுசையும் ஒப்பிடப் போறீங்கன்னா ஒண்ணு கவனிங்க. டிஸ்னி பிளஸ்ல பழைய எபிசோட் 16:9க்கு மேலும் கீழும் வெட்டி ஓடும். 'டஃப்லெஸ்'ல டஃப், டஃப் லைட், டஃப் டிரைன்னு மூணு பீரும் ஒரே குழாய்லேர்ந்து வருதுங்கிறதுதான் ஜோக். வெட்டினா மேலே இருக்கிற அந்தக் குழாயே தெரியாது. தொடரோட விவரப் பக்கத்துக்குப் போய், 'மறுசீரமைத்த திரை விகிதம்'ங்கிறதை அணைச்சுட்டு 4:3ல பாருங்க.