அம்மா அறையில் குளிரும் ஓதமும்: தெற்குச் சுவரில் கண்ணாடி வைக்கலாமா?

மலையோரத்தான்:
வணக்கம். எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரத்துக்கும் பேச்சிப்பாறைக்கும் நடுவில், ரப்பர் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. செங்கல் சுவர், வார்ப்புக் கூரை. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. அவர்கள் படுக்கும் தெற்கு அறைதான் பிரச்சினை. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் ஆவணி வரை, அப்புறம் துலாமழை என்கிற வடகிழக்குப் பருவமழை முழுக்க, அறைக்குள் கால் வைத்தாலே ஜில்லென்று இருக்கிறது. தலையணை உறைகூட நசநசவென்று கிடக்கும். கட்டிலுக்குப் பின்னால் பெயின்ட் கொப்புளித்து எழும்பியிருக்கிறது, தொட்டால் வெள்ளைப் பொடி உதிர்கிறது. முழங்கால் வலியோடு அவர்கள் அங்கே சுருண்டு படுப்பதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

கரண்ட் இல்லாமல் வெயிலை வைத்தே வீட்டைச் சூடாக்கும் வீடியோக்கள் பார்த்தேன். தெற்கே தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, அதன் பின்னால் கறுப்பு அடித்த கனமான சுவர். பகலில் வாங்கிய சூட்டை அந்தச் சுவர் ராத்திரி அறைக்குள் விடுமாம். அலுமினியம் வேலைக்காரர் அளவெடுத்துவிட்டு முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பட்டாளத்துக்காரன்:
தம்பி, லடாக்கில் லே பக்கம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வீடியோவில் பார்த்தது பொய் இல்லை. பிரான்சு மலைப்பகுதியில் ஒடெய்யோ என்ற ஊரில் 1967இல் ஃபெலிக்ஸ் ட்ராம்ப் இந்த மாதிரிச் சுவரோடு வீடு கட்டிக் காட்டினார், அவர் பெயராலேயே ட்ராம்ப் சுவர் என்கிறார்கள். லடாக்கிலும் பல வீடுகளில் உண்டு. கறுப்புச் சுவருக்கும் கண்ணாடிக்கும் இடையில் கொஞ்சம் இடைவெளி, சுவரின் மேலேயும் கீழேயும் துளை. பகலில் சூடான காற்று மேல் துளை வழியாக அறைக்குள் வரும். ராத்திரி துளையை அடைத்துவிட்டால் சுவருக்குள் ஊறிய சூடு மெதுவாக உள்பக்கம் வந்து சேரும். ஃபே கிராமத்துப் பக்கம் செக்மோல் பள்ளி வளாகத்தில் மண் சுவர்களின் தெற்கே குளிர்காலத்துக்கு மட்டும் பாலித்தீன் விரித்து, கோடையில் சுருட்டிவிடுவார்கள்.

ஆனால் அங்கே மழை மிகக் குறைவு. வெளியே உறைந்து கிடந்தாலும் வெயில் பளிச்சென்று அடிக்கும். நம்ம ஊரில் குளிர்வதே வெயில் இல்லாததால்தானே?

வரைபலகை:
அண்ணாச்சி சொன்னது சரி. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது, முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

லே இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து 34 பாகை வடக்கே. அங்கே டிசம்பர் நண்பகலில் சூரியன் தெற்கே தாழ்ந்து, சுமார் 32 பாகை உயரத்தில்தான் நிற்கும். அதனால் தெற்குக் கண்ணாடி வழியாக வெயில் அறையின் உள்கோடி வரை போகும். நாம் இருப்பது 8 பாகை சொச்சத்தில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுகிறது. ஜூன், ஜூலையில் உங்கள் தெற்குச் சுவரில் நேர் வெயில் விழவே விழாது, வானம் தெளிந்திருந்தாலும்கூட. அம்மாவுக்குக் குளிரும் மாதங்களும் அவைதான். துலாமழையில் சூரியன் தெற்கே வந்தாலும் மேகம் மூடியிருக்கும். அந்தக் கண்ணாடி முழு வேகத்தில் வேலை செய்வது ஜனவரி, பிப்ரவரியில்தான். அப்போது அறைக்குள் யாரும் உட்கார முடியாது. தயவுசெய்து சுவரை இடிக்க வேண்டாம்.

வடசேரி வாசி:
ஒரு ரூம் ஹீட்டர் வாங்கி வையுங்கள். சுவருக்கு உள்பக்கம் நல்ல வாட்டர்புரூஃப் பெயின்ட் இரண்டு கோட். வேலை முடிந்தது.

தக்கலைக் கொத்தனார்:
வடசேரி அண்ணே, உள்ளே பெயின்ட் அடித்து அடைத்தால் ஈரம் போக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். இவர் சுவரில் இப்போது கொப்புளிப்பதும் அதனால்தான் இருக்கும். ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம், எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எதையும் பூசக்கூடாது.

தம்பி, முதலில் இதைச் செய்யுங்கள். ஓதம் இருக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு ஓரடிக்கு ஓரடி பாலித்தீன் தாளை வைத்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். முட்டி உயரத்தில் ஒன்று, தலை உயரத்தில் ஒன்று. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ பாருங்கள். தாளுக்கு வெளிப்பக்கம் நீர் முத்து நின்றால் அறைக் காற்றில் உள்ள ஈரம். உள்பக்கம், சுவரைத் தொடும் பக்கம் நின்றால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அந்தச் சுவருக்கு வெளியே தரை என்ன மட்டத்தில் இருக்கிறது என்றும் சொல்லுங்கள்.

மலையோரத்தான்:
ஒட்டிப் பார்த்தேன். முட்டி உயரத்துத் தாளில் சுவர்ப்பக்கம் தண்ணீர் கோத்து நிற்கிறது, டேப்பை எடுத்ததும் வழிந்துவிட்டது. தலை உயரத்தில் இருந்தது இரண்டு பக்கமும் காய்ந்தே இருக்கிறது. வெளியே கார் நிறுத்த கிராவல் நிரப்பி இன்டர்லாக் கல் பதித்திருக்கிறோம். அறைத் தரையைவிட ஒரு சாண் உயரமாக, சுவரை ஒட்டியே இருக்கிறது. கூரைத் தண்ணீரும் அங்கேதான் விழுகிறது.

தக்கலைக் கொத்தனார்:
அதுதான் காரணம். அஸ்திவாரத்துக்கு மேலே ஓதம் ஏறாமல் போட்ட டிபிசி பட்டை மண்ணுக்குள் புதைந்துவிட்டது. நனைந்த கிராவல் நேராகச் செங்கல்லைத் தொடுகிறது, செங்கல் உறிஞ்சுகிறது. இதற்கு எத்தனை கண்ணாடி வைத்தும் பிரயோசனம் இல்லை.

சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்கு இன்டர்லாக் கல்லையும் கிராவலையும் எடுத்துவிடுங்கள். பட்டை தெரிந்து, அதற்குக் கீழே அரையடியாவது போகும் ஆழம் வேண்டும். அடியில் சரிவு கொடுத்து ஓடை விடுங்கள், கூரைத் தண்ணீரைப் பைப்பில் பிடித்து தூரமாகக் கொண்டுபோங்கள். மேலே சன்ஷேடு சின்னதாக இருந்தால் நீட்ட வேண்டும். பத்மநாபபுரம் அரண்மனையில் ஓட்டுக்கூரை சுவரைத் தாண்டி எவ்வளவு இறங்கி நிற்கிறது என்று ஒருமுறை நின்று பாருங்கள். வெயிலையும் சாரலையும் ஒரே கூரையில் தடுத்திருக்கிறார்கள், இப்போது அரையடி நீட்டி நிறுத்திவிடுகிறோம்.

உள்ளே உப்புப் பூத்த சிமென்ட் பூச்சை இடுப்பு உயரம் வரை கொத்தி எடுத்துவிட்டு, காயவிட்டு, சுண்ணாம்புப் பூச்சு பூசுங்கள். அது ஈரத்தை வெளியே விடும்.

வரைபலகை:
ஈரச் சுவர் காய்வதற்கு அறையின் சூட்டைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஈரக் காற்றில் படுக்கையும் துணியும் காயாது. நம்ம பக்கம் அடைமழையிலும் வெளியே 20 டிகிரிக்கு மேல்தான் இருக்கும், ஓதம் நின்றால் அந்த ஜில்லிப்பில் பெரும்பகுதி போய்விடும். அதுவரை கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளிப் போடுங்கள், காலடியில் கயிற்றுப் பாய் விரியுங்கள். கிழக்கே ஜன்னல் இருந்தால் காலை வெயிலுக்குத் திறந்து வையுங்கள், எந்த மாதமானாலும் கிழக்கு வெயில் தாழ்வாக உள்ளே வரும். முழங்காலுக்கு டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

மலையோரத்தான்:
கிழக்கே ஜன்னல் உண்டு, அலமாரி மறைத்துக்கொண்டு நிற்கிறது. இன்றைக்கே நகர்த்துகிறேன். அலுமினியம்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

பட்டாளத்துக்காரன்:
அவரை வேறு வேலைக்குக் கூப்பிடலாம். மாடியில் தெளிந்த ஷீட் போட்டு ஒரு சின்ன உலர்த்தும் கூண்டு, கீழே காற்று வர வழி, மேலே வெளியேற வழி. மிளகும் கிராம்பும் தூசி படாமல் காயும். ரப்பர் ஷீட்டை மட்டும் அதில் போடாதீர்கள், நேர் வெயில் பட்டால் பிசுபிசுத்துவிடும். அதற்குப் புகை போட்டு உலர்த்தும் புகைப்புரைதான்.

மலையோரத்தான்:
நல்ல யோசனை, அண்ணாச்சி. கொத்தனார் அண்ணே, பூச்சு வேலையை இப்போதே தொடங்கலாமா? மழை இன்னும் விடவில்லை.

தக்கலைக் கொத்தனார்:
மண்ணை இப்போதே எடுங்கள், ஓடையும் விடுங்கள். பூச்சு இப்போது வேண்டாம். உள்ளே கொத்தியதை அப்படியே திறந்து வைத்துவிடுங்கள். தையும் மாசியும் தெற்குச் சுவரில் நல்ல வெயில் அடிக்கும், சுவர் வெளிப்பக்கமாகக் காயட்டும். பங்குனியில் அதே பாலித்தீன் தாளை முட்டி உயரத்தில் இன்னொரு முறை ஒட்டிப் பாருங்கள். காய்ந்திருந்தால் சுண்ணாம்பு பூசலாம், இடவப்பாதிக்கு முன்னால் முடித்துவிடலாம். ஈரம் காட்டினால் பூசாதீர்கள், இங்கே வந்து சொல்லுங்கள்.