மறு: ‘செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல்’ – அரைத் தானியங்கியா, தன்னேற்றியா?

அன்புள்ள கலைச்சொல் குழும நண்பர்களுக்கு,

வணக்கம். முரட்டுப் பயன்பாட்டைத் தாங்கக்கூடிய, நம்பகமான செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலை எப்படித் தேர்ந்தெடுப்பது என்னும் கட்டுரைக்கு ஏற்ற கலைச்சொல் கேட்டு வந்த மடலைப் படித்தேன். அதற்கு ‘அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி’ போதுமே என்று குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். நானும் பல ஆண்டுகளாக அதைத்தான் எழுதிவந்தேன். இப்போது அந்தச் சொல் பிழை என்றே கருதுகிறேன். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் ‘அரை’ என்று தொடங்கும் சொற்களை எண்ணிப் பாருங்கள்: அரைவேக்காடு, அரைமனது, அரைத்தூக்கம். எல்லாமே முழுமைக்கு வந்து சேராத நிலையைக் குறிப்பவை. அரைத் தானியங்கி என்று படிப்பவர், பாதி வேலையைத் தானே செய்துவிட்டு மீதியில் நின்றுவிடும் கருவி என்றுதான் நினைப்பார். இந்தத் துப்பாக்கியில் பாதி என்று எதுவும் இல்லை. தோட்டாவை ஏற்றும் வேலை முழுக்கத் தானாக நடக்கிறது. சுடும் வேலை முழுக்கச் சுடுபவரின் விரலில் இருக்கிறது. விசையை ஒரு முறை அழுத்தினால் ஒரு குண்டு. அடுத்த குண்டுக்கு விரலை விட்டு மறுபடி அழுத்த வேண்டும். எது தானாக நடக்கிறது என்று சொல்லாமல், எவ்வளவு நடக்கிறது என்று அளந்து சொல்வதுதான் அந்தச் சொல்லின் குறை.

இது எனக்கு உறைத்தது ஒரு காவல்துறை ஆயுதக் கண்காட்சியில். மேசையில் பச்சைத் துணி விரித்து, 9 மி.மீ. பிஸ்டல் ஒன்றைப் பிரித்து வைத்திருந்தார்கள்: குழல், அதன் மேல் ஓடும் ஸ்லைடு, நீளமான சுருள்வில், தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசின். காவலர் ஒருவர் அவற்றைப் பூட்டி, மருந்தில்லாத பயிற்சித் தோட்டாக்கள் இருந்த மேகசினைக் கைப்பிடிக்குள் செருகினார். ஸ்லைடைப் பின்னால் இழுத்து மெதுவாக முன்னே விட்டார். மேகசினின் வாயில் தலைகாட்டிக்கொண்டிருந்த தோட்டா, ஸ்லைடு தள்ளத் தள்ள மூக்கை நிமிர்த்திக்கொண்டு சரிவில் ஏறிக் குழலுக்குள் போய் அமர்ந்தது. “ஏறிவிட்டது, பாருங்கள். முதல் தோட்டாவைத்தான் நான் ஏற்ற வேண்டும். சுட ஆரம்பித்தால் மீதியைத் துப்பாக்கியே ஏற்றிக்கொள்ளும்” என்றார். வெடிப்பின் பின்னுதைப்பில் ஸ்லைடு பின்னால் ஓடுகிறது. சுட்ட தோட்டாவின் வெற்றுறையை வெளியே எறிகிறது. சுத்தியலை மடக்கி வைக்கிறது. சுருள்வில் தள்ள முன்னே வரும்போது அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் ‘குதிரை’ என்றார்களே, அதுதான் இந்தச் சுத்தியல்.

ஆகவே என் பரிந்துரை: தன்னேற்றிக் கைத்துப்பாக்கி. சுருக்கமாகத் தன்னேற்றி.

தனிக்குறில்முன் ஒற்று உயிர்வரின் இரட்டும் என்ற விதிப்படி தன் + ஏற்றி = தன்னேற்றி. தன்னாட்சி, தன்னார்வம் போல நாவுக்குப் பழகிய அமைப்புத்தான். ‘தன்னிரப்பி’ என்று குழுவில் அம்மா ஒருவர் முன்வைத்ததையும் யோசித்தேன். நிரப்புவது மேகசினை, அதைக் கையால்தான் செய்கிறோம். குழலுக்குள் போவது ஏற்றம். காவலர் வாயில் இயல்பாக வந்த வினையும் ஏறுதான்.

புதிதாக ஏதோ கண்டுபிடித்துவிட்டதாக நான் சொல்லவில்லை. ஜெர்மானியர் இதை ‘செல்ப்ஸ்ட்லாடெபிஸ்டோல’ என்கிறார்கள். ‘தானே ஏற்றிக்கொள்ளும் பிஸ்டல்’ என்பதே அதன் பொருள். ரஷ்யர்களின் ‘சமஸர்யாத்னி’யும் அதே. அவ்வளவு தூரம் போவானேன்? நம் காவலர்கள் வாய்க்கு வாய் சொல்லும் எஸ்.எல்.ஆர். என்பதன் விரிவே ‘செல்ஃப் லோடிங் ரைஃபிள்’தானே. மேற்கு வங்கத்து இச்சாப்பூர் ஆலையில் செய்த அந்த 7.62 மி.மீ. துப்பாக்கி எத்தனையோ காவலர்களின் தோளில் தொங்கியிருக்கிறது. அதைத் தன்னேற்றி நெடுந்துப்பாக்கி என்றும், இதைத் தன்னேற்றிக் கைத்துப்பாக்கி என்றும் சொன்னால் ஒரு குடும்பத்துப் பெயர்களாக அமைந்துவிடும். விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை சுட்டுக்கொண்டே இருக்கும் இயந்திரத் துப்பாக்கிக்குத் ‘தானியங்கி’யை ஒதுக்கிவிடலாம்.

பெயரில் என்ன இருக்கிறது, எல்லாவற்றையும் கைத்துப்பாக்கி என்றே எழுதலாமே என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். செய்தி எழுதுகிறவர்களுக்கு இது முக்கியம் என்று உறுதியாகச் சொல்வேன். ‘ரிவால்வரால் சுட்டான், சம்பவ இடத்தில் வெற்றுத் தோட்டா உறைகள் சிதறிக் கிடந்தன’ என்று ஒரே பத்தியில் வரும் செய்திகளை எத்தனை முறை படித்திருப்போம்! ரிவால்வர், அதாவது சுழல் துப்பாக்கி, உறையை வெளியே எறியாது. அது உருளைக்குள்ளேயே தங்கிவிடும். எறிவது தன்னேற்றிதான். உறை கிடந்ததா இல்லையா என்பதில் வழக்கின் போக்கே மாறலாம். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்ததும் பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் தன்னேற்றிதான். அதை ரிவால்வர் என்று எழுதியவர்களைப் படிக்கும்போது, அந்த நாளின் நிகழ்வையே கொஞ்சம் மாற்றி எழுதிவிட்டார்களே என்று மனம் வருந்துகிறது.

இனிக் கட்டுரைத் தலைப்பின் முதல் பாதி. முரட்டுப் பயன்பாட்டைத் தாங்கும் என்னும் பொருளில் அங்கே வரும் ‘ரக்கட்’ (rugged) என்ற சொல்லுக்கு இயந்திர மொழிபெயர்ப்பு ‘கரடுமுரடான’ என்று போட்டிருக்கிறது. கரடுமுரடு பாதைக்கும் பாறைக்கும் பொருந்தும்; துப்பாக்கிக்குப் பொருந்தாது. ‘தாங்குறுதி’ என்று எழுதலாம் என்பது என் எண்ணம். ‘ரிலையபிள்’ என்பதற்கு நம்பகம் இருக்கிறது, அதை மாற்ற வேண்டியதில்லை. இந்த இரண்டையும் ‘தரமான, உறுதியான’ என்று ஒன்றாகக் குழப்பிவிடாமல் இருந்தால் போதும். அமெரிக்கப் படையின் பெரெட்டா எம்9 கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1985இல் கடும் சோதனைகளில் தேறி வந்த துப்பாக்கி அது. பிசகாமல் சுட்டது, ஆனால் சில ஆண்டுகளிலேயே ஒரு சிலவற்றின் ஸ்லைடு விரிசல் விட்டு, உடைந்த பாதி சுடுபவரின் முகத்தில் வந்து அடித்தது. அது தாங்குறுதிக் குறை. பிறகு வடிவத்தைத் திருத்தினார்கள். ஈராக்கில் நேர்மாறாக, துப்பாக்கியின் உடல் அசையவில்லை; வேறொருவர் செய்துகொடுத்த மேகசின்களின் உட்பூச்சில் நுண்மணல் ஒட்டிக்கொள்ள, தோட்டா மேலே ஏறாமல் சிக்கியது. அது நம்பகக் குறை. வாங்குகிறவர் எதைச் சோதிக்க வேண்டும் என்பதே இந்த இரண்டு சொற்களின் வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது.

துப்பாக்கி வடிவமைப்பாளர் பிரவுனிங் உருவாக்கிய கோல்ட் நிறுவனப் பிஸ்டலை அதே படை 1911 மார்ச்சில் சோதித்தபோது இரண்டையும் சேர்த்தே பார்த்தது. இரண்டு நாளில் 6,000 தோட்டாக்கள். சூடேறினால் தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடி சுட்டார்கள். கோல்ட் ஒருமுறைகூடச் சிக்கவில்லை. போட்டிக்கு வந்த சாவேஜ் நிறுவனப் பிஸ்டல் 37 முறை சிக்கியது. ‘தாங்குறுதியும் நம்பகமும் உள்ள தன்னேற்றி’ என்ற தொடரை விளக்க, மொழிபெயர்க்கும் நண்பர் இதை அடிக்குறிப்பாகச் சேர்த்தால் நன்றாக இருக்கும்.

மேகசினுக்கு யாழ்ப்பாணத்து நண்பர் தந்த ‘ரவைக்கூடு’ அருமையான சொல். ஈழத்தில் ஏற்கெனவே புழங்கியது, பார்த்தவுடன் பொருளும் விளங்குகிறது. தமிழ்நாட்டில் ரவை என்றதும் உப்புமா நினைவுக்கு வரும் என்ற மறுப்பை நான் ஏற்கவில்லை; பழகினால் இடம் பார்த்துப் பொருள் கொள்வார்கள். முதல் முறை வரும்போது மட்டும் ‘தோட்டாக்கள் அடுக்கிய ரவைக்கூடு’ என்று எழுதிவிடலாம்.

ஸ்லைடுக்குத்தான் எனக்கு முழு நிறைவான சொல் அமையவில்லை. சறுக்கி என்றால் தவறி வழுக்கும் பொருள் வருகிறது. ‘மேலோடு’ என்று குறித்துவைத்திருக்கிறேன்: குழலுக்கு மேலே ஓடு போல மூடியிருக்கிறது, சுடும்போது மேலேயே ஓடவும் செய்கிறது. ஆனால் புவியியலார் அதைப் பூமியின் மேலோட்டுக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். காவல்துறையிலோ படையிலோ ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்தவர்கள் யாராவது இந்தக் குழுவில் இருந்தால், ஸ்லைடை இழுக்கும் செயலுக்கு அங்கே என்ன வினைச்சொல் சொல்வார்கள் என்று எழுதுங்கள். வினை கிடைத்தால் பெயரை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்