தொப்பூர் ஏற்றத்தில் வண்டி நின்றுவிடுகிறது, அவசர உதவி தேவை

தகடூரான்:
நண்பர்களே, அவசரம். பழைய கார் வைத்திருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இந்த இரண்டாம் சனிக்கிழமை சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி அருங்காட்சியகங்களைச் சுற்றப் போகிறோம். சித்தேரி மலைப் பிள்ளைகளுக்கு நோட்டும் பையும் வாங்கித்தர நிதி திரட்டும் பயணம். சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் என் வண்டி நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டால் ஓடுகிறது. என்ன செய்யலாம்?

ஓசூர் ஸ்பேனர்:
என்ன வண்டி? பெட்ரோலா, டீசலா? இழுவை குறைந்து திணறி நிற்கிறதா, சாவியைத் திருப்பியதுபோல் சட்டென்று நிற்கிறதா?

பாலக்கோடு பாய்:
வேப்பர் லாக்தான், சந்தேகமே வேண்டாம். பம்ப் சூடாகி உள்ளே பெட்ரோல் ஆவியாகிறது. பம்ப் மேல் ஈரத்துணி போடுங்கள். இப்போது வரும் எத்தனால் 20 சதவீத பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸையும் அரித்துவிடும், அதையும் பாருங்கள்.

காரிமங்கலத்தான்:
பாய் எல்லாவற்றுக்கும் வேப்பர் லாக்தான் சொல்வார். எனக்கு ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் காயில் மேல்தான் சந்தேகம். சூடானால் செத்துப்போகும், ஆறினால் உயிர் வரும்.

மூத்தவர்66:
வண்டி பெயரைக்கூடச் சொல்லாமல் கேட்டால் யார் என்ன சொல்வது? பழைய வண்டி வைத்திருப்பவருக்கு அடிப்படை தெரிந்திருக்க வேண்டும். நின்றவுடன் ஒரு பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் வருகிறதா பாருங்கள். வந்தால் காயிலை விட்டுவிடலாம். அடுத்து டேங்க் மூடியைத் திறந்து காதைக் கொடுத்துக் கேளுங்கள். பம்ப் பெட்ரோலை இழுக்க இழுக்க அந்த இடத்துக்குக் காற்று போயாக வேண்டும். மூடித் துளை அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடமாகி பம்ப் தோற்றுவிடும். ஏற்றத்தில் பெட்ரோல் அதிகம் வேண்டும், அதனால் அங்கேதான் முதலில் தெரியும். இதெல்லாம் இங்கே பலமுறை பேசியாகிவிட்டது.

தகடூரான்:
மன்னிக்கவும், பிரீமியர் பத்மினி கார். பெட்ரோல். திணறித்தான் நிற்கிறது.

அரூர் டீச்சர்:
வண்டி இருக்கட்டும், முதலில் தேதியைப் பாருங்கள் தம்பி. மாவட்ட அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளியும் இரண்டாம் சனியும் விடுமுறை. வாசலோடு திரும்ப வேண்டியிருக்கும். காப்பாட்சியரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அப்புறம், தர்மபுரியில் நடுகற்களுக்கு நேரம் ஒதுக்குங்கள். வில்லோடு நிற்கும் வீரன், பக்கத்தில் மாடுகள், மேலே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து. மாடு மீட்கப் போய் மாண்டவனுக்கு ஊர் நட்ட கல் அது.

காரிமங்கலத்தான்:
அந்தக் கல்லெல்லாம் நட்ட ஊரிலேயே இருந்திருக்க வேண்டும் டீச்சர். எங்கள் பக்கம் வேடியப்பன் என்று இன்றும் பொங்கல் வைத்துக் கும்பிடுகிறோம். சாமியைக் கொண்டுபோய்க் கூடத்தில் நிறுத்துவதா?

அரூர் டீச்சர்:
கும்பிடுகிற கல்லை யாரும் எடுக்க வேண்டாம். வரப்பில் குப்புறக் கிடந்து துணி துவைக்கும் கல்லாகப் போனதற்கு என்ன சொல்கிறீர்கள்? எழுத்து தேய்ந்தால் அவன் பெயரே போய்விடும்.

காரிமங்கலத்தான்:
அப்படிக் கிடந்தால் அந்த ஊரிலேயே மேடை கட்டி நிறுத்தலாமே. ஊர்ப் பிள்ளைகள் தினமும் பார்ப்பார்கள்.

பாலக்கோடு பாய்:
இரண்டு பேரும் தனி இழை போடுங்கள். தம்பி, ஈரத்துணி போட்டுப் பார்த்தீர்களா?

தகடூரான்:
ஸ்பார்க் நன்றாக இருந்தது. மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று காற்று உள்ளே போனது, வண்டி உடனே பிடித்துக்கொண்டது. பழைய மூடியைப் போட்டு ஏறினேன், நிற்கவில்லை. பயணத்தை ஞாயிறுக்கு மாற்றிவிட்டோம். எல்லோருக்கும் நன்றி.

ஓசூர் ஸ்பேனர்:
பழைய மூடியா? அப்படியானால் இடையில் புதுப் பூட்டு மூடி ஏதாவது மாட்டினீர்களா? எந்த வகை என்று சொன்னால் மற்ற பத்மினிக்காரர்களுக்கும் உதவும்.

மூத்தவர்66:
சேலம் போகும்போது தொப்பூர் இறக்கம். சுமை லாரிகளுக்குப் பிரேக் பிடிக்காமல் போகும் இடம். எல்லோரும் கியரிலேயே இறக்குங்கள், யாரும் நியூட்ரல் போடக்கூடாது. வண்டிகளுக்கு நடுவே நல்ல இடைவெளி விடுங்கள்.