விடுதியில் குடித்த தண்ணீரால் நோயா? பரிசோதனையில் எதைப் பார்க்கிறார்கள்?

கேள்வி
எழுதியவர்: உவர்மலைவாசி

வணக்கம். சென்ற வாரம் என் பெறாமகளின் சாமத்தியவீட்டுக்காக யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்த உறவினர்கள் 34 பேரை, எங்கள் வீட்டில் இடம் போதாமையால், திருகோணமலை உப்புவெளிக் கரையோரத்து விடுதி ஒன்றில் இரண்டு இரவுகள் தங்க வைத்திருந்தோம். இரண்டாம் நாள் இரவிலிருந்து ஒருவர் பின் ஒருவராக வாந்தியும் வயிற்றோட்டமும் கண்டு, மறுநாள் மாலைக்குள் 13 பேர் படுத்துவிட்டார்கள். மைத்துனியின் நான்கு வயது மகனை ஆஸ்பத்திரியில் வைத்து இரண்டு நாட்கள் சேலைன் ஏற்ற வேண்டியிருந்தது. கண் குழிந்து, வாய் உலர்ந்து, அழும்போதுகூடக் கண்ணீர் வராமல் கிடந்த அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

விடுதி முகாமையாளரிடம் கேட்டேன். தங்களுக்கு வருவது நீர்வழங்கல் சபையின் குழாய்நீர் என்றும், பரிசோதகர் வந்து பார்த்துத் தந்த சான்றிதழ் வரவேற்பறைச் சுவரில் தொங்குகிறது என்றும், விழாச் சாப்பாட்டைத்தான் நாங்கள் சந்தேகிக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். ஆனால் விழாவில் சாப்பிட்ட ஊரவர்கள் இருநூறு பேருக்கு மேல் இருப்பார்கள். அவர்களில் ஒருவருக்கும் தலையிடிகூட இல்லை. படுத்த 13 பேரும் விடுதியில் தங்கியவர்கள்.

விடுதியைப் பரிசோதிக்க வருபவர்கள் தண்ணீரையும் பரிசோதிக்கிறார்களா, அல்லது சமையலறையை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்களா? குழாய்நீர் சுத்தமாக வந்தால் விடுதிக்குள் அது கெட்டுப்போக வழி உண்டா? ஐந்து நாட்கள் கடந்த பின் முறையிட்டுப் பயன் இருக்குமா? விடயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1
எழுதியவர்: ஓய்வுபெற்ற பரிசோதகர்

மகளே, கிழக்கு மாகாணத்தில் பல வருடங்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில்: பயன் உண்டு, ஆனால் இன்றைக்கே போக வேண்டும். அந்தப் பிரதேசத்துச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குச் சென்று முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்படி, அதிகாரம் பெற்ற அலுவலர் உணவு தயாரிக்கும் இடத்துக்குள் நுழைந்து பார்க்கலாம், மாதிரி எடுக்கலாம். நாட்கள் போகப் போக என்ன நடக்கும் என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். முறைப்பாடு வரப்போகிறது என்ற வாசம் பட்டதுமே தாங்கியைக் கழுவி, குளோரின் தூளை அள்ளிப் போட்டுவிடுவார்கள். பிறகு எடுக்கும் மாதிரியில் ஒரு கிருமியும் அகப்படாது. அதனால் தண்ணீர் முன்பும் நன்றாகத்தான் இருந்தது என்று ஆகிவிடாது.

குழாய்நீர் விடுதிக்குள் கெட்டுப்போக வழி உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, பெரும்பாலும் அது கெடுவது அங்கேதான். கந்தளாய்க் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டு, குளோரின் கலக்கப்பட்டு நகரப் பகுதிக்கு வருகிறது. படலை வரைக்கும் அதன் பொறுப்பு சபையினுடையது. படலையைத் தாண்டியதும் அது கீழ்த்தாங்கிக்குள் விழுந்து, மோட்டரால் மேல்தாங்கிக்கு ஏறி, அங்கே வெயிலில் கிடந்து, கட்டடம் முழுவதும் ஓடும் குழாய்களில் இறங்குகிறது. கீழ்த்தாங்கியின் மூடி நிலமட்டத்தில் இருந்து, மழைக்கு முற்றத்து நீர் அதற்குள் வடிந்தால், அல்லது மலசலகூடக் குழி அதற்கு அருகில் இருந்து தாங்கிச் சுவரிலும் வெடிப்பு இருந்தால், சபை அனுப்பிய நல்ல தண்ணீர் ஒரே இரவில் கெட்டுவிடும். கிணற்றுக் குழாயையும் சபைக் குழாயையும் ஒரே தாங்கியில் பொருத்தியிருக்கும் விடுதிகளும் உண்டு. அங்கே “குழாய்நீர்தான்” என்று முகாமையாளர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

ஒரு தடவை ஒரு விடுதியின் மேல்தாங்கியில் நான் ஏறிப் பார்த்தேன். வெளியே கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. மூடியைத் தூக்கிக் கையை விட்டபோது, அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பழுப்புச் சேறு படிந்திருந்தது. வழிகுழாயின் வாயில் வலை இல்லை. பல்லி ஒன்று மிதந்தது. அந்த விடுதியின் சமையலறையில் குறை சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. ஏணி வைத்து ஏறாமல் திரும்பியிருந்தால் நானும் நல்ல தரம் போட்டுக் கொடுத்திருப்பேன். ஒரு பிரதேசத்தில் விடுதிகள், சாப்பாட்டுக் கடைகள், பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகள், டெங்கு வேலை என்று எல்லாவற்றையும் ஒருவரே பார்க்க வேண்டியிருக்கும்போது, ஏணி ஏறுவதுதான் முதலில் விடுபட்டுப்போகும் வேலை. இதை நான் வேதனையோடுதான் சொல்கிறேன். சுவரில் தொங்கும் சான்றிதழ், பரிசோதகர் வந்த அன்று அவர் கண்ணில் பட்டதற்கு மட்டுமே சான்று.

முறையாக எடுக்கும் மாதிரி எப்படி இருக்கும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். குழாய் வாயைத் துடைத்துச் சுடர்காட்டி, இரண்டு மூன்று நிமிடங்கள் தண்ணீரை ஓடவிட்டு, கிருமிநீக்கிய போத்தலில் பிடிக்க வேண்டும். நீரிலுள்ள குளோரினை முறிப்பதற்காக அந்தப் போத்தலில் சோடியம் தயோசல்பேற் இருக்கும்; இல்லையென்றால் போகும் வழியிலும் குளோரின் கிருமியைக் கொன்றுகொண்டே போய், ஆய்வுகூடத்தில் பொய்யான நல்ல முடிவைத் தந்துவிடும். பிறகு ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்ப்பிக்க வேண்டும். குடிநீருக்கான இலங்கைத் தரமான எஸ்.எல்.எஸ். 614இன்படி 100 மில்லிலீட்டரில், மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலைக் கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது.

ஆனால் இதற்கெல்லாம் முன்பு ஒரு நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. சிறு குப்பியில் தண்ணீரைப் பிடித்து டி.பி.டி. மாத்திரை ஒன்றைப் போட்டால், குளோரின் எஞ்சியிருந்தால் நீர் இளஞ்சிவப்பாகும். குழாய் முனையில் லீட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும். பரிசோதகர் வரும்போது அதைப் படலைக் குழாயில் ஒரு தடவையும் சமையலறைக் குழாயில் ஒரு தடவையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே தாங்கியின் கதையைச் சொல்லிவிடும்.

பதில் 2
எழுதியவர்: நிலாவெளியில் ஆறு அறை

சகோதரி, உங்கள் மருமகப்பிள்ளை சுகமாகிவிட்டான் என்று நம்புகிறேன். நான் நிலாவெளியில் சிறிய விடுதி ஒன்றை நடத்துகிறேன். பரிசோதகர் ஐயா எழுதியதோடு விடுதிக்காரர் பக்கத்து உண்மையையும் சொல்ல வேண்டும்.

எங்கள் தண்ணீர் கிணற்று நீர். இந்தக் கரையில் மணலைச் சிறிது தோண்டினாலே நீர் ஊறிவிடும். மணல் எல்லாவற்றையும் வடித்துவிடும் என்று என் அப்பா காலத்திலிருந்து நம்பிவந்தோம். வீட்டுக்கு ஒரு மலசலகூடம் இருந்த காலத்தில் அந்த நம்பிக்கை பெரிதாகப் பிழைக்கவில்லை. விருந்தினருக்காக அறைகளைக் கூட்டினேன். அறைக்கு ஒரு மலசலகூடம் வந்தது. அவற்றின் குழிநீர் போவதும் அதே மணலுக்குள்தான். மே முதல் செப்டெம்பர் வரையான எங்கள் பருவகாலத்தில் மழை இல்லை, நிலத்தடி நீர் இறங்கிக் கிடக்கும், ஆட்களோ நிறைந்திருப்பார்கள், மோட்டர் நாள் முழுவதும் இழுக்கும். அந்த இழுவைக்குக் கடலுப்பும் வரும், குழிநீரும் வரும். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கும் என்று ஒரு பொறியியலாளர் எனக்கு விளக்கினார். மேலே ஓர் அடியை இழந்தால் கீழே எவ்வளவு போகும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

ஒரு வருடம் தண்ணீரில் குளோரின் மணக்கிறது என்று விருந்தினர் சிலர் குறைப்பட்டதால் நான் அதை நிறுத்திவிட்டேன். இரண்டு மாதங்கள் கழித்து எடுத்த மாதிரியில் ஈ.கோலை இருந்தது. யாருக்கும் நோய் வந்ததாக என் காதுக்கு எட்டவில்லை. ஆனால் நோய் வந்தவர் ஊருக்குப் போன பின் எனக்கு ஏன் சொல்லப்போகிறார் என்ற எண்ணம் என்னைத் தூங்கவிடவில்லை. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாங்கியை வெறுமையாக்கி, தேய்த்துக் கழுவி, நீர் நிரப்பி, 1000 லீட்டருக்கு ஏறத்தாழ 170 கிராம் வீதம் 30 வீதக் குளோரின் தூளைக் கரைத்து ஊற்றி, இரவு முழுவதும் விட்டு, காலையில் எல்லாவற்றையும் திறந்து விடுகிறேன். அந்த நீரை யாரும் குடிக்கக் கூடாது என்று ஒவ்வொரு குழாயிலும் துணி கட்டி வைப்பேன். திறந்து கிடந்த பழைய தூளில் வீரியம் இராது. அதை நம்ப வேண்டாம். நீரில் கரைந்திருக்கும் நைத்திரேற்று உப்பையும் வருடத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன், ஏனென்றால் அது கொதிக்க வைத்தாலும் போகாது. பாற்போத்தல் குடிக்கும் கைக்குழந்தைக்கு ஆபத்தானது.

இன்னொன்று. உங்கள் ஆட்கள் ஐஸ் போட்ட பழச்சாறு குடித்தார்களா என்று விசாரியுங்கள். பருவகாலத்தில் ஐஸ் போதாமல் போகும்போது, மீனுக்கென்று அடிக்கும் ஐஸ்கட்டியை வாங்கிச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து உடைத்துப் போடுவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். உறைந்தால் கிருமி செத்துவிடும் என்று நினைக்கிறார்கள். அது சாகாது.

பதில் 3
எழுதியவர்: வெளிநோயாளர் பிரிவு

நான் வைத்தியர். தண்ணீர்தான் காரணம் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். ஒன்றரை நாளுக்குள் வாந்தியுடன் பலரும் விழுந்தால் நோரோ வைரசாக இருக்கலாம், கெட்ட உணவாகவும் இருக்கலாம். இரண்டும் சமையற்காரரின் கையாலும் வரும், நீராலும் வரும். இதைப் பிரித்தறிய உங்களால் மட்டுமே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. 34 பேரின் பெயரையும் எழுதி, ஒவ்வொருவரும் விடுதியில் என்ன சாப்பிட்டார், என்ன குடித்தார், எத்தனை மணிக்கு நோய் தொடங்கியது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நோயுறாத 21 பேரின் விவரம் நோயுற்றவர்களின் விவரத்தைவிடக் கூடுதலாகச் சொல்லும். உணவு நஞ்சாதல் எங்கள் நாட்டில் அறிவிக்கப்பட வேண்டிய நோய். சிறுவனை அனுமதித்த ஆஸ்பத்திரி அதை அறிவித்ததா என்றும் கேளுங்கள்.

தண்ணீர் கெட்டிருந்தால் கதை இதோடு முடிந்துவிடாது. நெருப்புக்காய்ச்சல் (தைபோயிட்) வெளிப்பட 6 முதல் 30 நாட்கள் செல்லலாம். ஈரல் அழற்சி ஏ 15 முதல் 50 நாட்கள். அடுத்த வாரங்களில் யாருக்காவது விடாத காய்ச்சலோ கண் மஞ்சளிப்போ கண்டால், உப்புவெளியில் தங்கியிருந்ததை வைத்தியரிடம் சொல்ல வேண்டும் என்று யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் அறிவித்துவிடுங்கள். இன்னும் வயிற்றோட்டம் உள்ளவர்களுக்கு ஒரு பைக்கற் ஜீவனியை (உடல் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூள்) கொதித்தாறிய ஒரு லீட்டர் நீரில் கரைத்து, 24 மணிநேரத்துக்குள் முடித்துவிடச் சொல்லுங்கள்.

மீண்டும் உவர்மலைவாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடி அன்று மத்தியானமே எழுத்தில் முறைப்பாடு கொடுத்தேன். மறுநாள் காலை பரிசோதகர் ஒருவர் வந்தார். நானும் உடன் போக அனுமதித்தார். படலைக் குழாயில் பிடித்த நீரில் மாத்திரை கரைந்ததும் குப்பி றோசாப்பூ நிறத்துக்கு மாறியது. சமையலறைக் குழாயில் பிடித்த நீர் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றும் நிறம் மாறவில்லை. முகாமையாளர் அந்த இரண்டு குப்பிகளையும் மாறி மாறிப் பார்த்தார். அதன் பிறகு விழாச் சாப்பாட்டைப் பற்றி அவர் பேசவில்லை. தாங்கியைத் திறந்து பார்த்து, கழுவி முடியும் வரை அந்த நீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கிருமிச் சோதனைக்கான மாதிரி ஆய்வுகூடத்துக்குப் போயிருக்கிறது.

34 பேரின் விவரத்தையும் தொலைபேசியில் கேட்டு எழுதிவிட்டேன். முதலில் விழுந்த ஆறு பேரும் முதல் நாள் மாலையில் ஐஸ் போட்ட தோடம்பழச் சாறு குடித்தவர்கள். வெளியில் எங்கே போனாலும் சுடுநீர்ப் போத்தலில் மல்லித்தண்ணீர் கொண்டுபோகும் என் பெரியம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தாளின் பிரதியையும் பரிசோதகரிடம் கொடுத்திருக்கிறேன். ஆய்வுகூட அறிக்கையின் பிரதி ஒன்று எங்களுக்கும் வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். கிடைத்ததும் இங்கே பதிகிறேன்.