கணக்கு வருகிறது, கருத்து வரவில்லை: வாக்கெடுப்பு முறை உதவுமா?

பிளஸ்ஒன்_இயற்பியல்:
நியூட்டன் விதிகளில் என் மாணவர்கள் கணக்கெல்லாம் சரியாகப் போடுகிறார்கள். ஆனால் லாரியும் காரும் மோதினால் எது அதிக விசை கொடுக்கும் என்று கேட்டால் லாரிதான் என்கிறார்கள். கேள்வி கேட்டு, வாக்கெடுத்து, பக்கத்து மாணவரோடு விவாதிக்க வைக்கும் முறை எப்போது வந்தது? 45 நிமிட பீரியடில் எப்படி நடத்துவது?

வெர்னியர்:
1956இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இயற்பியலாளர் ஸக்கரியாஸ் தொடங்கிய பி.எஸ்.எஸ்.சி. என்ற பள்ளி இயற்பியல் சீர்திருத்தக் குழு பாடத்தையும் ஆய்வகத்தையும் மாற்றியது. மாணவர் மனதில் ஏற்கெனவே என்ன பதிந்திருக்கிறது என்று அளக்கும் வேலை சூடுபிடித்தது பிறகுதான். அமெரிக்க இயற்பியலாளர் ஹெஸ்டனஸ் குழுவின் விசைக் கருத்துத் தேர்வு 1992இல் வெளியானது. கணக்கே கிடையாது, தவறான விடைகள் மாணவர்களின் இயல்பான நம்பிக்கைகளிலிருந்தே எடுக்கப்பட்டவை. ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991இல் தொடங்கியதுதான் நீங்கள் கேட்கும் முறை.

1998இல் ஹேக் என்ற இயற்பியலாளர் இத்தகைய தேர்வுகளில் 6,542 மாணவர்களின் மதிப்பெண்களைத் தொகுத்தார். விரிவுரை வகுப்புகளில் சராசரி ஆதாயம் 0.23, மாணவர்கள் விவாதித்துப் பங்கேற்கும் ஊடாடும் வகுப்புகளில் 0.48. முன்தேர்வில் 40 வாங்கியவர் பின்தேர்வில் 54 வாங்கினால், இன்னும் எட்டவேண்டிய 60இல் 14தான் ஏறியது. அதுதான் 0.23.

ஊசல்:
நடத்தும் விதம்: பத்து நிமிடம் பாடம், பிறகு கணக்கில்லாத ஒரே கேள்வி. ஒரு நிமிடம் பேசாமல் யோசிக்கட்டும். அ, ஆ, இ, ஈ அட்டைகளை எல்லோரும் ஒரே நேரத்தில் நெஞ்சுக்கு நேரே காட்ட வேண்டும். கை தூக்கச் சொன்னால் முதல் மாணவனைப் பார்த்துத் தூக்குவார்கள், வாக்கு வீண்.

சரியான விடை 30 சதவீதத்துக்குக் கீழே என்றால் விவாதம் பயன்படாது, பாடத்தை மறுபடி நடத்துங்கள். 70ஐத் தாண்டினால் சுருக்கமாக விளக்கி நகருங்கள். இடையில் இருந்தால், வேறு விடை சொன்னவரோடு மூன்று நிமிடம் பேசவிட்டு மறுவாக்கு. முதல் வாக்கு முடிந்ததும் உங்கள் முகத்திலேயே விடை தெரிந்துவிடக் கூடாது. பலர் சறுக்குவது இங்கேதான். ஒரு பீரியடுக்கு மூன்று கேள்விக்கு மேல் ஓடாது. போர்ஷன் முடியாதே என்றால், வரையறைகளை வீட்டில் படித்துவரச் சொல்வதுதான் வழி.

வெர்னியர்:
லாரி கேள்வியில் அவர்கள் விசையையும் சேதத்தையும் ஒன்றாக நினைக்கிறார்கள். லாரி 10,000 கிலோ, கார் 1,000 கிலோ என்று எடுங்கள். விசை சமம், காரின் முடுக்கம் பத்து மடங்கு. இதைச் சொல்வதற்கு முன் இரண்டு சுருள்வில் தராசுகளைக் கொக்கியோடு கொக்கி மாட்டி இழுக்கச் சொல்லுங்கள். கிடையாகப் பிடிக்கும்போது முள் பூஜ்யத்திலிருந்து நகரும். அதைச் சரிசெய்யாவிட்டால் இரண்டும் வேறு வேறு அளவு காட்டும், பாடமே கவிழும்.

ஆனால் 1992 விசைக் கருத்துத் தேர்வின் கேள்விகளை வகுப்பில் விவாதிக்கவே கூடாது, அது முன்தேர்வு, பின்தேர்வுக்கானது. விடை கசிந்தால் அளவுகோலே கெட்டது.

பிளஸ்ஒன்_இயற்பியல்:
நன்றி சார். அட்டைக்கு நிறம் மட்டும் போதுமா?

ஊசல்:
போதாது. சிவப்பும் பச்சையும் பிரித்தறியாத பையன்கள் வகுப்பில் இருக்கக்கூடும். எழுத்தையும் பெரிதாக எழுதுங்கள்.