பேஸ்பால், கரே, கிட்டார் கடை: டோக்கியோவில் குடும்பத்தோடு சுற்றிய அனுபவங்கள்

வீட்டில் நான்கு பேர், மூன்று பிடிவாதம். எனக்குப் பேஸ்பால். பதினாலு வயது மகளுக்குக் கிட்டார். மனைவிக்குச் சாப்பாடு; அதுவும் நின்றுகொண்டு விழுங்குவது அல்ல, உட்கார்ந்து நிதானமாக. எட்டு வயது மகனுக்கு ரயிலைக் காட்டினால் போதும் என்பதால் அவனை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

நான் முதலில் போட்ட திட்டத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. காலையில் ஷிபுயாவில் இசைத்தட்டுக் கடை, மதியம் அசகுசாவில் சாப்பாடு, பிறகு கிட்டார், மாலையில் ஆட்டம். நடுவில் ஐந்தாறு முறை ரயில் மாற வேண்டும். தாளை வாங்கிப் பார்த்த மனைவி, "நாம் டோக்கியோவைப் பார்க்கப் போகிறோமா, ரயில் நிலையங்களைப் பார்க்கப் போகிறோமா?" என்று கேட்டாள். "ரயில் நிலையங்களைத்தான்" என்றான் மகன், மிகுந்த சந்தோஷத்தோடு.

அன்றிரவு வரைபடத்தை விரித்து உட்கார்ந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. கிட்டார் கடைகளுக்குப் பெயர்போன இடம் ஓச்சானோமிசு. டோக்கியோ டோம் மைதானத்துக்கு இறங்க வேண்டிய நிலையம் சுய்தோபாஷி. மஞ்சள் பட்டை போட்ட சோபு ரயிலில் இரண்டும் அடுத்தடுத்த நிலையங்கள். இரண்டுக்கும் தெற்கே, நடக்கிற தூரத்தில், பழைய புத்தகக் கடைகளும் கரே கடைகளும் நெருக்கியடித்து நிற்கும் ஜிம்போச்சோ. (கரே என்றால் ஜப்பானியர் சோற்றோடு சாப்பிடும் கெட்டிக் குழம்பு. 'கறி' என்று எழுதினால் நமக்கு வேறு பொருள் வந்துவிடும்.) முக்கோணம் மாதிரி மூன்று முனை. காலையில் ரயிலை விட்டு இறங்கினால் ஆட்டம் முடியும்வரை மறுபடி ஏற வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஓச்சானோமிசுவில்தான் தொடங்க வேண்டும். நிலையம் மேட்டில் இருக்கிறது. மெய்ஜி பல்கலைக்கழகத்தை ஒட்டிய சாலை அங்கிருந்து ஜிம்போச்சோ பக்கமாகச் சரிந்து இறங்குகிறது. கடைகள் எல்லாம் அந்தச் சரிவில்தான். எதிர்த்திசையில் வந்தால் நாலு கடை பார்ப்பதற்குள் குடும்பத்தில் பாதிப் பேர் உட்கார இடம் தேடுவார்கள்.

பதினொரு மணி வாக்கில்தான் கடைகள் திறக்கின்றன. அதுவரை ஹிஜிரி பாலத்தில் நின்றோம். கீழே கண்டா ஆறு. ஆற்றின் ஓரமாக ஆரஞ்சுப் பட்டை சூவோ ரயிலும் மஞ்சள் பட்டை சோபு ரயிலும் போகின்றன. பூமிக்கடியில் ஓடிக்கொண்டிருக்கும் சிவப்பு மருனௌச்சி ரயில் அந்த இடத்தில் வெளியே வந்து, ஆற்றைத் தாண்டி, மறுபடி பொந்துக்குள் நுழைகிறது. மகனை அங்கிருந்து நகர்த்த நாங்கள் பட்ட பாடு தனிக்கதை.

கடைகள் ஒடுக்கமானவை, மாடி மாடியாக உயர்ந்தவை. ஒரு தளம் முழுக்க பேஸ் கிட்டார், அடுத்ததில் பழைய கிட்டார்கள் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். மகள் ஒன்றைக் கைகாட்டினாள். கடைக்காரர் அதை இறக்கி, துணியால் துடைத்து, தானே உட்கார்ந்து ஆறு தந்திகளையும் சுருதி சேர்த்து, பிறகு இரண்டு கைகளாலும் நீட்டினார். கையில் வாங்கப் போன மகளை நிறுத்தி, அவளுடைய மேலங்கியின் ஜிப்பைக் காட்டிச் சிரித்தார். ஜிப் உரசினால் கிட்டாரின் முதுகில் கீறல் விழும் அல்லவா? அவள் மேலங்கியைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு வாசித்தாள். அரை மணி நேரம். யாரும் விலை பேசவில்லை, வாங்குவாயா என்று கேட்கவில்லை. கேட்காமல் எடுத்து வாசிப்பது மட்டும் அங்கே ஆகாது.

மதியம் இரண்டு மணிக்கு மேல்தான் சாப்பிடப் போனோம். பன்னிரண்டுக்குப் போனால் அலுவலகக் கூட்டத்தோடு வரிசையில் நிற்க வேண்டும். கடையின் பெயர் போண்டி. பெயரைக் கேட்டதுமே என் மனைவி பர்ஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பழைய புத்தகக் கடைகள் இருக்கும் கட்டடத்தின் இரண்டாம் தளம், பின்பக்கமாக வழி. கரே வருவதற்கு முன்பே தோலோடு அவித்த உருளைக்கிழங்கும் வெண்ணெயும் வந்துவிட்டன. கிழங்கைக் கரேயில் தோய்ப்பதா, வெண்ணெயோடு தனியாகத் தின்பதா என்று எங்களுக்குள் வாக்குவாதம். பக்கத்து மேசை முதியவர் தன் கிழங்கைப் பிட்டு வெண்ணெய் தடவிக் காட்டித் தீர்ப்புச் சொன்னார்.

அங்கிருந்து வடக்கே பத்துப் பதினைந்து நிமிட நடையில் டோம். ஆட்டத்துக்கு நேரம் இருந்ததால் உள்ளேயே இருக்கும் பேஸ்பால் அருங்காட்சியகத்துக்குப் போனோம் (திங்கள்கிழமைகளில் பொதுவாக விடுமுறை). ஜப்பானிய ஆட்டக்காரர் சதஹாரு ஓ அடித்த 868 ஹோம் ரன்களை (பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பும் அடிகளை) பற்றி மகனுக்கு விளக்கினேன். அதில் 756-ஆவதை, அமெரிக்காவின் ஹாங்க் ஆரனின் சாதனையைத் தாண்டிய அடியை, 1977 செப்டம்பரில் அவர் அடித்தது இந்த வளாகத்தில் முன்பிருந்த கொராகுவென் மைதானத்தில்தான். மகன் பணிவாகக் கேட்டுக்கொண்டான்.

இனி என் தவறு. டிக்கெட் வாங்கும்போது மலிவாக இருக்கிறதே என்று இடது அவுட்ஃபீல்டில் எடுத்துவிட்டேன். அது விருந்தாளி அணியின் ஆதரவாளர் பகுதி. அன்று வந்திருந்தது ஹன்ஷின் டைகர்ஸ். சுற்றிலும் மஞ்சள் சட்டைக்காரர்கள், நடுவில் உள்ளூர் ஜயன்ட்ஸ் அணியின் ஆரஞ்சுத் தொப்பியோடு என் மகன். ஐந்து நிமிடத்தில் ஓர் ஊழியர் வந்தார். தலை தாழ்த்தி வணங்கி, தொப்பியைப் பைக்குள் வைக்கச் சைகையால் கேட்டுக்கொண்டார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு கூச்சமாக இருந்திருக்காது. ஐந்தாவது இன்னிங்ஸில் மகன் டைகர்ஸுக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். கொள்கைப் பிடிப்பு இவ்வளவுதான்.

ஆனால் அந்தத் தவறால்தான் மகளுக்குப் பேஸ்பால் பிடித்தது. தம் அணி மட்டை பிடிக்கும்போது மட்டும் டிரம்பெட்டும் முரசும் முழங்கும். எதிரணி முறை வந்ததும் இந்தப் பக்கம் அடங்கி, அந்தப் பக்கம் தொடங்கும். ஒவ்வொரு மட்டையாளருக்கும் தனிப் பாட்டு. மூன்றாவது இன்னிங்ஸ் முதல் அவள் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. டிக்கெட்டின் பின்பக்கத்தில் ஸ்வரம் எழுதிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அதே கிட்டார் கடையில் அதில் ஒன்றை வாசித்துக் காட்டினாள். கடைக்காரர் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் கடைசிவரை கேட்டார். பிறகு தன் கைபேசியைத் திருப்பினார். பின்னால் ஜயன்ட்ஸ் அணியின் முயல் படம் ஒட்டியிருந்தது.

இன்னும் ஒன்று. டோமின் கூரையை உள்ளே இருக்கும் காற்றழுத்தமே தூக்கி நிறுத்துகிறது. அதனால்தான் சுழல்கதவுகள். ஆட்டம் முடிந்து கூட்டத்துக்காகப் பெரிய கதவுகளைத் திறந்ததும் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. உள்ளே ரொக்கம் செல்லாது, வங்கி அட்டையோ ரயில் அட்டையோ வேண்டும். வெளியே சில ராமென் நூடுல்ஸ் கடைகளின் டிக்கெட் இயந்திரங்களோ ரொக்கத்தை மட்டும் விழுங்கும். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா

அண்ணா, டோமை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பியது எனக்கு மனத்தாங்கல்தான். அடுத்த முறை ஜிங்கு மைதானத்துக்குப் போங்கள். 1926-இல் திறந்தது, 1934-இல் பேப் ரூத் வந்து ஆடிய இடம். பக்கத்தில் புதிதாகக் கட்டிவிட்டு இதை இடிக்கப் போகிறார்கள், ஆகவே தள்ளிப்போடாதீர்கள். மேலே கூரை கிடையாது, வானம்தான்.

அந்த மைதானத்தின் சொந்த அணியான யாகுல்ட் ஸ்வாலோஸ் ரன் எடுத்தால், ஆயிரக்கணக்கில் சின்னக் குடைகள் விரிந்து 'டோக்கியோ ஒந்தோ' பாட்டுக்கு மேலும் கீழும் ஆடும். எங்களிடம் குடை இல்லை. முன்வரிசைப் பாட்டி திரும்பிப் பார்த்து, தன்னுடையதை என் சின்னவளிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையை ஆட்டினார். ஆட்டம் முடிந்து திருப்பிக் கொடுத்தால் வாங்கவில்லை. இப்போது அது எங்கள் வீட்டில் பொம்மைகளுக்கு நிழல் தருகிறது.

சாப்பாட்டுக்கு என் வழி: பெரிய அங்காடிகளின் அடித்தளத்தில் இருக்கும் உணவுக் கடைகளில் பெட்டிச் சோறு வாங்கிக்கொண்டு போய்விடுவேன். ஜிங்குவில் வெளிச் சாப்பாட்டுக்குத் தடையில்லை. கேன், கண்ணாடிப் பாட்டில் மட்டும் வாசலிலேயே காகிதக் குவளையில் ஊற்றித் தந்துவிடுவார்கள். நான் நான்கு கேன் பழச்சாறு கொண்டுபோய், நான்கு மூடியில்லாக் குவளைகளோடும் இரண்டு குழந்தைகளோடும் படியேறினேன். யாரும் அந்தத் தப்பைச் செய்ய வேண்டாம்.

ஒன்பது இன்னிங்ஸில் தீராவிட்டால் பன்னிரண்டு வரை போகும். அதிலும் தீராவிட்டால் சமன். எங்கள் ஆட்டம் அப்படித்தான் முடிந்தது. பெரியவன், "அப்படியென்றால் நாம் எதற்கு வந்தோம்?" என்றான். தூங்கும் தங்கையைத் தோளில் சுமந்துகொண்டிருந்த எனக்கும் அதே கேள்விதான்.

இடதுகை வாசிப்பவன்

இடதுகைக்காரர்களுக்கு எல்லா ஊரிலும் கடை மூலையில் இரண்டு கிட்டார் தொங்கும். அதில் ஒன்று விற்றுப்போயிருக்கும். ஓச்சானோமிசுவில் ஒரு சுவர் நிறைய இடதுகைக் கிட்டார்களைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. ஒரு மணி நேரம் என்று சொல்லி உள்ளே போனவன் மூன்று மணி நேரம் கழித்து வந்தேன். வாசலில் மனைவி, மாமியார், இரண்டு காலி ஐஸ்கிரீம் குவளைகள். ஆட்டத்தின் முதல் இரண்டு இன்னிங்ஸ் போயே போய்விட்டது. மாமியார் இன்னும் அந்த நாளைத் தேதியோடு நினைவு வைத்திருக்கிறார்.

இரண்டு எச்சரிக்கைகள். ஜப்பானில் மின்னழுத்தம் 100 வோல்ட். அங்கே சின்ன ஆம்ப்ளிஃபயர் வாங்கி வந்து 230 வோல்ட்டில் நேராகச் செருகினேன். ஒரு நொடி வெளிச்சம், பிறகு கருகல் வாடை, அவ்வளவுதான். மின்மாற்றி இல்லாமல் தொடாதீர்கள். இரண்டாவது, பழங்காலத்துக் கிட்டார்களில் பிரேசில் ரோஸ்வுட் இருந்தால், அழியும் இனங்களைக் காக்கும் சர்வதேச ஒப்பந்தத்தின்படி அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. மற்ற ரோஸ்வுட் வகைகளால் செய்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் வாங்கும் முன் என்ன மரம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்பா அம்மாவோடு போனவள்

என் பெற்றோர் சைவம். கரே என்றதும் ஆசைப்பட்டார்கள். காய்கறிக் கரே என்று எழுதியிருந்தாலும், குழம்பின் அடியில் மாட்டுக் கொழுப்போ இறைச்சிச் சாறோ இருப்பது ஜப்பானில் சாதாரணம். மற்றவற்றில் உலர்மீன் சாறு. ஒவ்வொரு கடை வாசலிலும் கைபேசியில் ஜப்பானிய மொழியில் எழுதிவைத்த கேள்வியை நீட்டினேன். ஒரு கடைக்காரர் சமையலறைக்கு இரண்டு முறை போய்வந்து, முகம் வாடி, கைகளைக் குறுக்கே வைத்துக் காட்டினார். பொய் சொல்லாமல் அனுப்பினாரே என்று அப்பாவுக்கு அவர்மேல் மரியாதை.

மைதானத்தில் அவர்களைக் காப்பாற்றியது உப்பிட்டு அவித்த பச்சை சோயாக் காய். இரண்டு பேரும் தோலை உரித்து உரித்து ஆட்டம் முழுவதும் தின்றார்கள். அம்மாவின் கண் ஆட்டத்தில் இல்லை. முதுகில் பீர் பீப்பாயைச் சுமந்துகொண்டு படியேறி இறங்கும் பெண்களின் மேல்தான். "இந்தப் பிள்ளைகளுக்கு முதுகு என்னத்துக்கு ஆகும்?" என்று நான்கு முறை கேட்டார். மட்டையில் தப்பாகப் பட்ட பந்து கூட்டத்துக்குள் வந்தால் ஊழியர்கள் விசில் ஊதுவார்கள். விசில் கேட்டால் முதலில் தலை நிமிர்ந்து பாருங்கள், பிறகு சாப்பிடுங்கள்.

தொடங்கியவன்

குடைச் செய்தி வீட்டில் புயலைக் கிளப்பிவிட்டது. ஜிங்கு போயே ஆக வேண்டுமாம். மகள் ஆம்ப்ளிஃபயர் கதையைப் படித்துவிட்டு மௌனமாக இருக்கிறாள். அவள் பையைச் சோதிக்க வேண்டும்.

மகன் ஒன்று கேட்கச் சொன்னான். ஹிஜிரி பாலத்தில் மூன்று ரயிலும் ஒரே சமயத்தில் வருவதை உங்களில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? நாங்கள் நாற்பது நிமிடம் நின்றும் இரண்டுதான் கிடைத்தது.