விண்வெளி மூலக்கூறுகளை அடையாளம் காணக் கணிப்பு மட்டும் போதுமா?

ஈசூன் மாணவி:
தொடக்கக் கல்லூரியில் வேதியியல் பயிலும் எனக்கு ஓர் ஐயம். ஒரு மூலக்கூறின் நிறமாலையை, அதாவது அது உமிழும் அல்லது உறிஞ்சும் அலைவெண்களின் தொகுப்பைக் கணினியிலேயே கணக்கிட முடியுமென்றால், விண்வெளியில் அதனை உறுதிசெய்ய ஆய்வக அளவீடு ஏன் தேவைப்படுகிறது?

கிளமெண்டி வாசகர்:
துல்லியமே காரணம். குவாண்டம் வேதியியல் முறைகள், மூலக்கூறின் சுழற்சியால் எழும் நிறமாலைக் கோடுகளின் இடத்தை நிர்ணயிக்கும் சுழற்சி மாறிலியை 0.1 விழுக்காட்டுப் பிழைக்குள் தந்தாலும், 100 கிகாஹெர்ட்ஸ் அலைவெண்ணில் அது 100 மெகாஹெர்ட்ஸ் விலகலாகிவிடும். விண்வெளியின் குளிர்ந்த கருமுகில்களில் ஒரு கோட்டின் அகலமோ ஏறத்தாழ 0.1 மெகாஹெர்ட்ஸ்தான் என்பதால், அந்த 100 மெகாஹெர்ட்ஸ் இடைவெளிக்குள் வேறு மூலக்கூறுகளின் கோடுகளும் வந்து நிற்கக்கூடும். ஆய்வகத்தில் எங்கே தேடுவது என்பதையே கணிப்பு சொல்கிறது.

பொங்கோல் ஆசிரியர்:
சரியே, எனினும் கணிப்பு, ஆய்வகம், விண்வெளி என்ற வரிசை எப்போதும் அப்படி அமைவதில்லை, தங்கையே. 1970இல் 89.19 கிகாஹெர்ட்ஸில் இனந்தெரியாத கோடொன்று தென்பட, அதனை வெளியிட்டவர்கள் 'எக்ஸோஜென்' என்று பெயரிட்டார்கள். அது ஃபார்மைல் நேர்மின் அயனி (HCO⁺) என அமெரிக்க வேதியியலாளர் வில்லியம் கிளெம்பரர் அவ்வாண்டே முன்மொழிந்தார். இடையில் அவ்வயனியின் வடிவத்தைக் கணக்கிட்டவர்கள் அக்கருத்துக்கு வலுச்சேர்க்க, 1975இல்தான் ஆய்வகம் அதனை உறுதிசெய்தது. இந்தக் கதை பாடநூல்களில் இன்னும் விரிவாக இடம்பெற வேண்டும் என்பது என் கருத்து.

ஈசூன் மாணவி:
நன்றி, ஐயா. அப்படியானால், ஆய்வகத்தில் நிலைத்திராத அயனிகளுக்குக் கணிப்பே முதல் துணை என்று கொள்ளலாமா?

கிளமெண்டி வாசகர்:
கொள்ளலாம். ஆனால் ஒரே ஒரு கோடு பொருந்துவதை மட்டும் சான்றாக ஏற்காதீர்கள். அதே மூலக்கூறின் பிற கோடுகளும், ஐசோடோப்பு மாற்றிய (ஓர் அணுவுக்குப் பதில் அதே தனிமத்தின் வேறு நிறையுள்ள அணு அமைந்த) வடிவங்களின் கோடுகளும் எதிர்பார்த்த இடங்களில் தென்பட வேண்டும்.